நலம் என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இங்கு எல்லோரும் நலம், உன் நலத்தை உன் கையெழுத்தில் பார்த்து வெகுநாளாயிற்று. எல்லோரும் என்றால் நானும் அப்பாவும்தான், இரண்டு பேருக்குப் போய் எல்லோரும் என்று எழுதுவது பழக்கதோஷம், நீ கிளம்பிப் போன பிறகும் கை மாறவில்லை. அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் மாடிப்படியைப் பார்த்ததும் திரும்ப வந்துவிடுகிறது. சமையலறைக் குழாயை அவரே சரிசெய்கிறேன் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தார், இப்போது அது முன்பைவிடச் சன்னமாக, ஆனால் விடாமல் ஒழுகுகிறது. உன் கட்டில்மேல் இஸ்திரி போடாத துணிகள் குவிந்து கிடக்கின்றன, நீ வருகிறாய் என்று சொன்னால் ஒரே நாளில் காலி செய்துவிடுவேன். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் பேசும்போது உன் அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்ன சொல்றா, என்ன சொல்றா என்று கேட்டுக்கொண்டே இருப்பார், நான் உனக்குப் பதில் சொல்வதா அவருக்குப் பதில் சொல்வதா என்று புரியாமல் கடைசியில் உடம்பைப் பார்த்துக்கோ என்று வைத்துவிடுவேன். சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நிற்கும். அதனால் இதை அச்சகத்தில் உட்கார்ந்து, ஒன்றிலிருந்து இரண்டு மணிவரை முதலாளி சாப்பிடப் போகிற நேரத்தில் எழுதுகிறேன். இயந்திரம் நின்றிருக்கிறது, மை வாசனை மட்டும் நிற்கவில்லை. என் மேசைக்கு எதிரில் ஒரு ஜன்னல் உண்டு என்று உனக்குத் தெரியும், அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, பார்ப்பதற்கு ஒரு தண்ணீர்க் குழாய் மட்டும். பதினாறு வருடமாக அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதில் எத்தனை கணு என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பழுதான தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன், திருப்பிப் பார்த்தால் யாருடைய கடைப் பெயரோ பாதி தெரியும், அதைக் கண்டுகொள்ளாதே.

எங்கள் புள்ளி சார் போய்விட்டார் என்று போனில் சொன்னேன் அல்லவா, மூன்று மாதமாகிறது. அச்சச்சோ, உன்னோட புள்ளி சாரா என்று நீ கேட்டாய். நீ அவரைப் பார்த்ததேயில்லை, ஆனால் நான் உனக்குச் சோறு ஊட்டியது பாதியும் அவர் கதைகளைச் சொல்லித்தான். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தமிழ் எடுத்தவர். அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதை மறுபடி சொல்கிறேன், இந்தக் கடிதம் முழுக்க அதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. எங்கள் நோட்டில் தப்பு இருந்தால் அவர் அடிக்க மாட்டார், சுழிக்க மாட்டார், சிவப்பு மையே அவரிடம் கிடையாது. தப்பு இருக்கிற வரிக்கு நேராக ஓரத்தில் நீல மையால் ஒரே ஒரு புள்ளி வைப்பார், அவ்வளவுதான். என்ன தப்பு என்று கேட்டால் தேடு என்பார். நாமே கண்டுபிடித்துத் திருத்திக் கொண்டுபோய்க் காட்டினால் அந்தப் புள்ளியிலிருந்து மேல்நோக்கி ஒரு கோடு இழுத்து அதைச் சரி அடையாளமாக்கிவிடுவார். புள்ளிக்கு வால் முளைத்துவிட்டது என்று நாங்கள் குதிப்போம். எங்கள் எழுத்துகளில் புள்ளி விட்டுப்போனால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. புள்ளியில்லாத எழுத்து வாயத் தொறந்துகிட்டு நிக்குது பாருங்க, பாவம், ஈ போயிடும், மூடி விடுங்க என்பார். வகுப்பில் ஒருவன் பெரியப்பா இறந்துவிட்டார் என்று விடுப்புக் கடிதம் கொடுத்துக்கொண்டே இருப்பான், மூன்றாவது தடவை கொடுத்தபோது சார் பெரியப்பா என்ற சொல்லுக்கு நேராக ஒரு புள்ளி வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவன் அன்று முழுக்க ப் எழுத்துக்குப் புள்ளி இருக்கே, இருக்கே என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான். அவன்தான் இப்போது பழைய மாணவர் சங்கத் தலைவர், எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாதவன், ஒலிபெருக்கி என்று நாங்கள் வைத்த பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு வைத்த பெயரும்தான், குட்டிப்புள்ளி. சார் இல்லாத நேரத்தில் மற்றவர்கள் நோட்டை நான்தான் பார்ப்பேன், அதனால். இந்தக் கடைத்தெருவில் எந்தப் பலகை எழுதினாலும் குட்டிப்புள்ளி பார்த்தாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் மாட்டுவார்கள், அதில் எனக்கு உள்ளூரப் பெருமை உண்டு, மறைப்பானேன்.

சார் போன பிறகு பள்ளிக்கூட நூலக அறைக்கு அவர் பெயரை வைப்பது, வாசலில் ஒரு கல் பதிப்பது என்று சங்கத்தில் முடிவானது. கல்லில் வெட்ட வேண்டிய வாசகத்தைத் தட்டச்சு செய்து பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுப்பது என் வேலை. வேறு யாரிடம் கொடுப்பார்கள். மூன்று வரிதான். கல்விக்கே வாழ்நாளைத் தந்த எங்கள் ஆசிரியர் நினைவாக என்று தொடங்கி, கீழே அவர் பெயர், அதற்குக் கீழே பழைய மாணவர்கள் என்று. நான் தட்டச்சு செய்தேன், மூன்று தடவை படித்தேன், ஒருமுறை வாய்விட்டும் படித்தேன், வழக்கம்போல இரண்டு பிரதி எடுத்து ஒன்றை இழுப்பறையில் வைத்துவிட்டு ஒன்றைக் கல்வெட்டுக்காரருக்குக் கொடுத்தனுப்பினேன். அவரை நீ பார்த்திருப்பாய், அஞ்சல் நிலையத்துக்குப் பின்னால் தகரக் கூரைக்குக் கீழே காதில் பென்சிலோடு குந்தியிருப்பார், நீ சின்னவளாக இருந்தபோது உன் பெயரைச் சலவைக்கல் துண்டில் வெட்டிக் கொடுத்தாரே, அவர்தான். அவர் காகிதத்தைக் கல்மேல் ஒட்டி அதன்மேலேயே வெட்டுகிறவர், வெட்டி முடிக்கும்போது காகிதம் தூள் தூளாகிவிடும்.

கல்லைச் சாக்கில் சுற்றிப் பள்ளிக்கூட முற்றத்துக்குக் கொண்டுவந்த அன்று நாங்கள் எட்டுப் பேர் நின்றிருந்தோம், சாருடைய மனைவியும் வந்திருந்தார்கள், சார் வீட்டம்மா என்றுதான் நாங்கள் சொல்வோம். இடைவேளை நேரம், பிள்ளைகள் சுற்றிக் கூடிவிட்டார்கள். சாக்கை எடுத்ததும் பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் முதல் வரியைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நான் அப்போதும் சரியாகத்தான் படித்தேன். அப்புறம் சார் வீட்டம்மா கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, அடடா, முதல் சொல்லிலேயே புள்ளி இல்லையே என்றார்கள். கல்வி என்ற சொல்லில் அந்த ஒரு புள்ளியை எடுத்துவிட்டுப் படித்துப் பார், நான் எழுத மாட்டேன், அம்மா கையால் அதை வேறு எழுத வேண்டுமா. சாருடைய வாழ்நாள் முழுவதும் எதற்குத் தரப்பட்டது என்று கல்லில் வெட்டி வைத்திருந்தது தெரியுமா. புள்ளிக்காகவே வாழ்ந்த மனிதருக்கு. ஒலிபெருக்கி, ஐயோ மானம் போச்சே என்று கத்தியது தெருமுனைவரை கேட்டிருக்கும். கல்வெட்டுக்காரரை அப்போதே ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். அவர் ஓடி வந்தார், பார்த்தார், முகம் வெளிறிவிட்டது, குந்தி உட்கார்ந்து உளியை வைத்து அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். ஐந்து நிமிட வேலை. அவசரத்தில் மற்றப் புள்ளிகளைவிட அது கொஞ்சம் பெரிதாகிவிட்டது. இப்போதும் கல்லில் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். சார் வீட்டம்மா மட்டும் சிரித்தார்கள், அவர் இருந்திருந்தா வயிறு வலிக்கச் சிரிச்சிருப்பார், வீடு வந்தும் விடமாட்டார் என்று சொன்னார்கள், ஆனால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒலிபெருக்கி அவரைப் பார்த்து, எழுதிக் குடுத்தத பாத்து வெட்டத் தெரியாதாய்யா என்று கேட்டான். அவர், குடுத்ததத்தான் சார் வெட்டினேன் என்று மெதுவாகச் சொன்னார். ஒலிபெருக்கி என் பக்கம் கையைக் காட்டி, குடுத்தது யாரு, நம்ம குட்டிப்புள்ளி, சார் கையால புள்ளி வாங்காத ஒரே ஆளு, அவ கையில தப்பு வருமா என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கல்லைப் பார்த்தேன். அப்போது நான் செய்தது அவ்வளவுதான் பாப்பா, கல்லைப் பார்த்தேன்.

அச்சகத்துக்குத் திரும்பி வந்து இழுப்பறையைத் திறந்தேன். இரண்டாவது பிரதி இருந்தது. முதல் சொல்லில் புள்ளி இல்லை. விசைப்பலகையில் புள்ளிக்கென்று தனி விசை உண்டு, அதை அழுத்தாமல் போயிருக்கிறேன், அவ்வளவு சின்ன விஷயம். மூன்று தடவை படித்தும் எப்படித் தெரியவில்லை என்றால், நான் அங்கே இருந்ததைப் படிக்கவில்லை, இருக்க வேண்டியதைப் படித்திருக்கிறேன். அதற்குப் பிறகு நான் செய்ததுதான் உன்னிடம் சொல்லக் கூசுகிறது. கணினியில் அந்தக் கோப்பைத் திறந்து புள்ளியை வைத்துச் சேமித்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை, யாரும் பார்க்கப்போவதுமில்லை, ஆனாலும் வைத்தேன். முதல் தப்பு கை செய்தது. இந்தத் தப்பை நான் செய்தேன்.

நேற்று இதோடு நிறுத்த வேண்டியதாகிவிட்டது, முதலாளி சீக்கிரம் வந்துவிட்டார். இன்றைக்கு விட்ட இடத்திலிருந்து. அன்றே விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், கல்லில் புள்ளி வந்தாயிற்று. ஆனால் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு அறைகளுக்கும் பெயர்ப் பலகை வெட்டக் கல்வெட்டுக்காரரிடம் சொல்லியிருந்தார்கள், அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைத்தெருவில் அவர் போனால், என்ன பெரியவரே, புள்ளி பத்திரமா என்று கேலி செய்கிறார்கள். அதையெல்லாம்கூட அவர் தாங்கிக்கொள்வார். அவர் தாங்க முடியாமல் இருப்பது வேறு. அந்த நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் கழித்து அச்சகத்து மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது, ஒரு கால் செருப்பில் வார் தளர்ந்திருக்கும், அதனால் படிக்குப் படி தனியாகத் தெரியும். கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வந்தவர் ஒரு காகிதத்தை நீட்டி, அம்மா, நீங்க கொஞ்சம் பாத்துக் குடுங்க, ஏதாச்சும் விட்டுப்போயிருக்கான்னு, எனக்கு இப்ப என் கண்ணு மேலயே நம்பிக்கை இல்ல என்றார். அதிலிருந்து ஒன்று விட்டு ஒரு நாள் இதே சாப்பாட்டு நேரத்தில் வருகிறார். நான் பார்த்துக் கொடுக்கிறேன். யாரை நம்பி வருகிறார் பார்.

போன வாரம் அவரே சொன்னார். அன்னிக்கு என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாத்தேம்மா, காகிதத்த கல்லு மேல ஒட்டினப்புறம் மேல தூசி இருந்துச்சு, ஊதி விரலால தொடச்சேன், அந்தப் புள்ளியத்தான் தூசின்னு தொடச்சிருப்பேன் என்றார். அச்சிட்ட மை விரலில் வருமா என்று அவருக்குத் தெரியாதா, ஆனாலும் நடக்காத ஒன்றைத் தான் செய்ததாகவே இப்போது அவருக்கு நினைவு வந்துவிட்டது, அந்தத் தூசி எந்த ஓரத்தில் இருந்தது என்றுகூடச் சொல்கிறார். வெட்டும்போது வாசிக்க மாட்டீங்களா என்று கேட்டேன், ஏதோ கேட்க வேண்டுமே என்று. நான் ரெண்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன், எழுத்தெல்லாம் தெரியும், ஆனா வெட்டுறப்ப படிக்க மாட்டேன், கோடு கோடாத்தான் பாப்பேன், படிச்சா கை தானா எழுத ஆரம்பிச்சிடும்மா, இல்லாதத வெட்டிடும் என்றார். எனக்குச் செவிட்டில் அறைந்தது போலிருந்தது. நான் செய்த தப்பு என்ன என்பதை என் எதிரிலேயே நின்று, தனக்கே தெரியாமல் சொல்கிறார். இந்த வாரம் கண் டாக்டரிடம் போய் வந்திருக்கிறார். வந்து நின்ற முகத்தைப் பார்த்ததும் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்தேன். கண்ணு சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டாரும்மா, ஒரு குறையும் இல்லையாம், அப்ப மண்டைக்குள்ளதான் ஏதோ ஆரம்பிச்சிருக்கு, எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, கடைசியில எங்களையே தெரியாமப் போச்சு என்றார். கண் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் அழுது நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமையோடு உளியை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காரப் போகிறாராம். அந்தக் கல் திறக்குறதப் பாத்துட்டு நிறுத்திடுறேன், கடைசி வேலை தப்பாப் போச்சு, சார்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்குறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமைதான் திறப்பு. நான் பேச வேண்டும். ஒலிபெருக்கி எனக்குத் தலைப்பும் கொடுத்திருக்கிறான், பிழையில்லா மனிதர். மேடையில் நீ ஏறினாலே போதும், சாரே ஏறின மாதிரி என்கிறான். உன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் குழாய்க்குக் கீழே படுத்திருந்தார், அப்படியே தலையை மட்டும் வெளியே நீட்டி, கல்லே சரியாயிடுச்சு, நீ ஏன்டி போய் விழுறே, இப்பச் சொன்னா அன்னிக்கே ஏன் சொல்லலன்னுதான் முதல்ல கேப்பாங்க, அதுக்கு என்ன பதில் வெச்சிருக்கே என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. முதல் நாள் சொல்லியிருந்தால் அது ஒரு புள்ளி. இன்றைக்குச் சொன்னால் அது ஒரு மாதம். ஒவ்வொரு தடவை கல்வெட்டுக்காரர் படியேறி வரும்போதும் நான் பார்த்துக் கொடுக்கிற ஒவ்வொரு காகிதமும் என்மேல் ஒரு செங்கல்லாக ஏறுகிறது, கதவு வைக்காமல் சுற்றிக் கட்டிக்கொண்டே போய்விட்டேன், உள்ளே நான் நிற்கிறேன். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, சொல்லவும் வாய் வரவில்லை. இழுப்பறையில் இருக்கும் அந்தத் தாளைக் கிழித்துவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன், கிழிக்க முடியவில்லை. வைத்திருக்கவும் பயமாயிருக்கிறது, முதலாளி ரப்பர் முத்திரை தேடி என் இழுப்பறையைத் திறந்துவிடுவார். அதனால் அதை நாலாக மடித்து இந்தக் கடிதத்தோடு உனக்கு அனுப்புகிறேன். உள்ளே இருக்கும் பார். கிழிக்க வேண்டாம், யாருக்கும் காட்ட வேண்டாம், உன் பெட்டியின் அடியில் எங்காவது போட்டு வை. அத்தனை தூரத்தில் இருந்தால் எனக்கு மூச்சு விட முடியும் போலத் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் இதெல்லாம் பாதிக் கதை. சார் கையால் புள்ளி வாங்காத ஒரே ஆள் நான் என்று ஒலிபெருக்கி சொன்னானே, அது பொய். அவனுக்குத் தெரியாது. எனக்கும் ஒரு புள்ளி உண்டு. ஒன்பதாம் வகுப்பில் கடிதம் எழுதும் பாடம். தூரத்தில் இருக்கும் உறவினருக்கு எழுதுக என்றார், எனக்கு இல்லாத ஓர் அண்ணனை வெளியூரில் இருப்பதாக வைத்து, நாங்கள் இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினேன். நோட்டு திரும்பி வந்தபோது அந்த முதல் வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு புள்ளி. வரியில் எத்தனை எழுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தேன், எல்லாப் புள்ளியும் இருந்தது, லகரம் சரி, னகரம் சரி. சாரிடம் போய், இதுல தப்பே இல்லையே சார் என்றேன். தேடு என்றார், வழக்கம்போல. அந்த வருடம் எங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்ளாமல் எட்டு மாதமாகியிருந்தது. ஒரே அறையில் இருந்துகொண்டு, உப்பு கூடிப்போச்சுன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு, வேணும்னா வெளியில சாப்பிடச் சொல்லு உங்கப்பாவ என்று என் வழியாகத்தான் பேசுவார்கள், நான் நடுவில் தபால்காரி. ஆனால் அதையெல்லாம் நான் அப்போது நினைக்கவேயில்லை, எழுத்துப் பிழையைத்தான் தேடினேன். அந்தப் புள்ளிக்குக் கடைசிவரை வால் முளைக்கவில்லை. பெரியவளான பிறகு ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது சட்டென்று புரிந்தது, எழுத்தில் தப்பில்லை, சொன்னதில்தான் தப்பு, சாருக்கு எங்கள் வீடு தெரிந்திருக்கிறது என்று. அதிலிருந்து அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருந்தேன், ஒரு நாள் அவரிடம் கொண்டுபோய்ச் சரி அடையாளம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று. அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று தள்ளி, அவர் இருந்த தெரு இங்கிருந்து பன்னிரண்டு நிமிடம், போகவேயில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு சார் வீட்டம்மாவிடம் போனேன். மேடையில் பேச ஏதாவது கேட்கிற மாதிரித்தான் போனேன், உள்ளுக்குள் வேறு ஆசை, யாராவது சாருக்குப் பதிலாக எனக்கு ஒரு வழி சொல்லிவிட மாட்டார்களா என்று. நோட்டைப் பிரித்துப் புள்ளியைக் காட்டினேன், முப்பது வருடக் கதையைச் சொன்னேன். அவர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்கள், அப்புறம் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாடி, அவர் பேனா கசியும்மா, தெரியாதா உனக்கு, சட்டைப்பை எல்லாம் நீலம், தலையணை உறை நீலம், என் கல்யாணச் சேலையிலயே ரெண்டு புள்ளி இருக்கு, அதுக்கெல்லாம் அர்த்தம் தேடியிருந்தா நான் எப்பவோ பைத்தியமாயிருப்பேன் என்றார்கள். அப்ப ஏன் தேடுன்னு சொன்னார் என்று கேட்டேன். அவருக்கு என்ன, நூறு நோட்டு, எதுல வெச்சோம் எதுல வெக்கலன்னு ஞாபகமா இருக்கும், யாரு வந்து கேட்டாலும் தேடுன்னுதான் சொல்வார், வீட்டுச் சாவியக் காணோம்னு நான் கேட்டாலும் தேடுன்னுதான் சொல்வார் என்றார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்தேன், தேநீர் குடித்தேன், எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் என்னவோ ஒரு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடமிருந்து அதைப் பிடுங்கிவிட்ட மாதிரி இருந்தது. சார் என் வீட்டைத் தெரிந்துகொண்டு வைத்த புள்ளி என்று நினைத்துக்கொண்டே இத்தனை வருடம் இருந்தேன். அது மைத் துளியாகவும் இருக்கலாம். இனி கேட்க ஆளில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது, புள்ளி சார் வைத்தாரோ பேனா வைத்ததோ, அந்த வரி பொய் என்பதில் மாற்றமில்லையே. அதை அவரா சொல்ல வேண்டும்.

இப்போது உன்னைப் பற்றி. போன வாரம் போனில் பேசியபோது நல்லா இருக்கேன்மா என்று நீ மூன்று தடவை சொன்னாய். முதலில் நான் கேட்டதற்கு, பிறகு நான் கேட்காதபோது, கடைசியில் வைக்கும்போது. முன்பானால் எனக்கு அது காதில் விழுந்திருக்காது, நல்லா இருக்கிறாள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் படுத்திருப்பேன். இருப்பதைப் படிக்காமல் இருக்க வேண்டியதைப் படிப்பதில் உன் அம்மா கெட்டிக்காரி என்று இந்த ஒரு மாதத்தில்தான் தெரிந்துகொண்டேன். அறையில் உன்கூட இருந்த பெண்ணைப் பற்றி நீ இப்போதெல்லாம் பேசுவதில்லை. இரவு வேலை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா என்று கேட்டால் அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா என்கிறாய். என்ன என்று நான் துருவமாட்டேன். அங்கே பிடிக்கவில்லை, முடியவில்லை, தப்பு செய்துவிட்டேன், எதுவாக இருந்தாலும் எழுது. அழகாக எழுத வேண்டாம், முதலும் முடிவும் வேண்டாம், நலம் என்று தொடங்க வேண்டாம். உன் தாத்தா பாட்டிக்கு நடுவில் நான் சுமந்த தபால் போதும், எனக்கும் உனக்கும் நடுவில் அப்படி ஒன்று வேண்டாம். இந்தக் கடிதத்தின் முதல் வரிக்கு நேராக ஓரத்தில் பார், ஒரு புள்ளி இருக்கும். பேனா கசிந்ததில்லை, இப்போதுதான் திரும்பப் போய் வைத்துவிட்டு வந்தேன்.

மணி ஒன்றே முக்கால். கல்வெட்டுக்காரர் வரும் நாள் இன்று. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, அந்த இருமலுக்கு டாக்டரைப் பார், கடையில் போய் நீயே மாத்திரை வாங்காதே. எந்த ஊரில் எந்த அறையில் இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும், வந்தாலும் அதைச் சொல்வதற்கு உனக்கு ஓர் ஆள் இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் அவ்வளவுதான். அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார், குழாய் சரியாகிவிட்டதாகவும் எழுதச் சொன்னார், நீ நம்பாதே.

ஒன்று மறக்காமல் சொல்லிவிடுகிறேன். மேலே ஒரு தாளை உள்ளே வைத்திருப்பதாக எழுதியிருக்கிறேன், உறையை உதறித் தேடாதே. எடுத்துவிட்டேன். மடிப்பு நீவி மேசைமேல் வைத்திருக்கிறேன், எழுத்து அவர் பக்கம் பார்க்கிற மாதிரி. எனக்கு வாய் வராவிட்டாலும் பரவாயில்லை, அவர் கோடு பார்க்கிறவர், பார்த்தால் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மேடையில் அவரையும் பக்கத்தில் நிற்கச் சொல்லி, எல்லோருக்கும் நானே சொல்ல வேண்டும், அது எப்படி என்று இன்னும் தெரியவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது.

இப்படிக்கு,
புள்ளி வாங்கிய உன் அம்மா